கொலைகாரன் மனமும் நமது மூடத்தனமும்

ஊரில் கொடுங்கொலை ஒன்று நடந்துவிட்டால், கொலை செய்தவனைப் பிடிக்கப் போலீசார் புறப்படுவதற்கு முன்பே, கொலைக்குக் காரணம் கண்டுபிடிக்க நமது ஜனங்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். தல்லாகுளத்து டீக்கடைப் பெஞ்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் போதும். "அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்பார் ஒருவர். "செத்தவர்களின் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பார் மற்றொருவர். "கடவுள் பயம் போய்விட்டது, கலி முற்றிவிட்டது" என்பார் மூன்றாமவர். "அவன் பிறந்த ஜாதி அப்படி, இரத்தத்திலேயே ஊறியது" என்று நான்காமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லுவார். இந்த நாலு காரணங்களையும் சொல்லுவதற்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொலையுண்டவர் யாரென்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லாக் கொலைக்கும் பொருந்துகின்ற காரணம் எந்தக் கொலைக்கும் காரணமாகாது என்கின்ற சின்னச் சங்கதி இவர்கள் புத்தியில் ஏறுவதே இல்லை.

பாமர ஜனங்கள்தான் இப்படியென்றால், நாலெழுத்து இங்கிலீஷ் படித்தவர்களின் யோக்கியதையும் இதைவிட மேலானதாயில்லை. பேய்க்குப் பதிலாக "மர்மம்" என்று ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

பிடிபடாத ஜாக்

இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி ஆட்சியில், 1888-ஆம் வருஷத்தில், லண்டன் பட்டணத்தின் கிழக்கே ஒயிட்சாப்பல் என்னும் ஏழைகள் வட்டாரத்திலும் அதை ஒட்டிய இடங்களிலும், ஆகஸ்டு 31-ந் தேதிக்கும் நவம்பர் 9-ந் தேதிக்கும் இடையில் ஐந்து பெண்கள் கழுத்தறுக்கப்பட்டுச் செத்தார்கள். அவர்களில் நாலு பேருடைய உடல் வேறு விதமாகவும் சிதைக்கப்பட்டிருந்தது. செய்தவன் பிடிபடவேயில்லை. செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த ஒரு கடிதத்தின் கையெழுத்திலிருந்து அவனுக்கு "ஜாக் தி ரிப்பர்", அதாவது கிழிக்கும் ஜாக் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கடிதமே பத்திரிகைக்காரர் ஒருவரின் வேலையாக இருக்கலாம் என்பது பலருடைய அபிப்பிராயம்.

அன்று முதல் இன்று வரையில் அந்த ஜாக்கின் மனத்திற்குள் என்ன இருந்தது என்று புத்தகம் புத்தகமாக எழுதி விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அவன் வைத்தியன் என்கிறார் ஒருவர். கசாப்புக்காரன் என்கிறார் இன்னொருவர். இல்லை, இராஜ குடும்பத்து இளவரசனே என்கிறார் வேறொருவர். பேர்பெற்ற சித்திரக்காரன் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவன் பெண்களை ஏன் வெறுத்தான் என்பதற்கும் அவரவர் இஷ்டப்படி காரணம் எழுதிக்கொள்ளுகிறார்கள். ஆள் யாரென்றே தெரியாமல் அவன் மனத்தை ஆராய்வதற்கும், பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் கணிப்பதற்கும் என்ன பேதம் என்று கேட்கின்றோம். (பிறந்த நேரம் தெரிந்து கணித்த ஜாதகங்கள் மாத்திரம் பலித்துவிட்டனவா என்பது வேறு சங்கதி.)

அந்தக் காலத்தில் இவ்விஷயமாக அறிவோடு பேசியவர்கள் சிலரே. டாக்டர் தாமஸ் பாண்ட் என்ற போலீஸ் வைத்தியர் 1888 நவம்பரில் காயங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். ஐந்து கொலைகளையும் செய்தது ஒரே கைதான் என்றும், அந்தக் கைக்கு வைத்தியமும் தெரியாது, கசாப்புத் தொழிலும் தெரியாது என்றும் சொன்னார். அதோடு, செய்தவன் பார்வைக்குச் சாதுவாய், நடு வயதினனாய், ஒழுங்காய் உடுத்துகிறவனாய் இருக்கக்கூடும் என்றும், அவ்வப்போது வெறி வந்து போகிற நோயுள்ளவனாய் இருக்கலாம் என்றும் எழுதினார். கொம்பும் கோரைப்பல்லும் அவர் தேடவில்லை.

லண்டன் ஜனங்களோ கொம்பைத்தான் தேடினார்கள். "இங்கிலீஷ்காரன் இப்படிச் செய்வானா? பிழைக்க வந்த யூதன்தான் செய்திருப்பான்" என்று கிளப்பிவிட்டார்கள். ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளி செப்டம்பரில் பிடிபட்டார். கொலை நடந்த இராத்திரிகளில் தாம் வேறு இடத்தில் இருந்ததை அவர் ருஜுப்படுத்தி வெளியில் வர வேண்டியதாயிற்று. நமது டீக்கடையின் நான்காமவருக்கு லண்டனில் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இனி, செத்த பெண்கள் யார் என்று பாருங்கள். முதலில் செத்த மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற அம்மாளை அன்றிரவு படுக்கைக் கூலி நாலு பென்னி இல்லாததற்காகச் சத்திரத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகச் செத்த ஆனி சாப்மன் என்பவரும் படுக்கைக் கூலி இல்லாமல் தெருவுக்கு வந்தவரே. ஐவரையும் "விபசாரிகள்" என்று ஒரே முத்திரை போட்டு உலகம் நூறு வருஷத்துக்கு மேல் பேசிற்று. ஆனால், அவர்களில் மூவர் அத்தொழில் செய்தார்கள் என்பதற்குச் சான்றே இல்லை என்று ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற சரித்திர ஆசிரியை 2019-இல் எழுதிய புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் அத்தொழிலே செய்திருந்தாலும் கழுத்தறுக்க அது லைசென்சா என்பது நமது கேள்வி. பெர்னாட்ஷா அந்த 1888 செப்டம்பரிலேயே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வருஷக்கணக்காய் ஏழைகளின் கஷ்டத்தை நாம் எடுத்துச் சொன்னபோது காது கொடுக்காத கனவான்கள், ஒரு கொலைகாரன் சில பெண்களை அறுத்தவுடன் கிழக்கு லண்டனைப் பார்க்க ஓடி வருகிறார்களே என்று அதில் குத்திக் காட்டினார். ஜாக்கின் மனம் என்ன என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாலு பென்னிக்காக ஒரு பெண்ணை நடுராத்திரியில் தெருவில் விட்ட சமூகத்தின் மனம் என்ன என்பது நன்றாய்த் தெரிகிறது. தெரிந்ததை ஆராய மனமில்லாதவர்கள்தான் தெரியாததைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள்.

பிடிபட்ட இராமன்

நிற்க. பிடிபடாதவனைப் பற்றிய ஊகம் போதும். பிடிபட்டு, டாக்டர்கள் முன் உட்கார்ந்து, தன் மனத்தைத் தானே திறந்து காட்டிய ஒருவனைப் பற்றிப் பேசுவோம். அவன் லண்டன்காரனல்ல, தமிழ் பேசுகிறவன். இராமன் ராகவ் என்பது அவன் பெயர். சிந்தி தல்வாய் என்றும், வேலுசாமி என்றும், அண்ணா என்றும், தம்பி என்றும் வேறு பெயர்களும் உண்டு.

அப்போது பம்பாய் என்றும் இப்போது மும்பை என்றும் சொல்லப்படும் பட்டணத்தில், 1965-66-இல் கிழக்குப் புறநகரில் இரயில் பாதையை ஒட்டிய நடைபாதைகளிலும் குடிசைகளிலும் தூங்கிக்கொண்டிருந்த 19 பேர் தாக்கப்பட்டு 9 பேர் செத்தார்கள். அப்போது இந்த ஆள் அவ்விடத்தில் சுற்றித் திரிந்ததற்காகப் போலீசாரிடம் அகப்பட்டான். சான்று இல்லாததால் விட்டுவிட்டார்கள். முன்பே கொள்ளைக் குற்றத்திற்காக ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்தவன் அவன். 1968-இல் மறுபடியும் கொலைகள் ஆரம்பமாயின. அதே முறைதான்: இராத்திரி, தூங்குகிறவர்கள், இரும்புத் தடியால் தலையில் அடி. ஆணென்றும் பெண்ணென்றும் குழந்தையென்றும் பேதமில்லை. பட்டணத்து ஏழைகள் இராத்திரி தூங்கப் பயந்தார்கள். 1968 ஆகஸ்டு 27-ந் தேதி, அலெக்ஸ் ஃபியாலோ என்ற சப் இன்ஸ்பெக்டர் படத்தைக்கொண்டு அவனை அடையாளம் கண்டு பிடித்தார். விசாரணையை நடத்தியவர் இரமாகாந்த் குல்கர்ணி என்ற அதிகாரி.

பிடிபட்டபோது அவனிடம் இருந்தவை என்னவென்றால்: ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், சோப்பு, பூண்டு, டீத்தூள், கணக்குப்போல் ஏதோ எழுதிய இரண்டு காகிதங்கள், ஊதுவத்தி ஏற்றிவைக்கிற தாங்கி ஒன்று. கடவுள் பயம் போனதால்தான் கொலை பெருகுகிறது என்று சொல்லும் மூன்றாமவர் இந்தக் கடைசிச் சாமானைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறோம்.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது கோழிக்கறி என்றான். வயிறு நிறையக் கோழிக்கறி வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு தலைக்கு எண்ணெயும் சீப்பும் கண்ணாடியும் கேட்டான், அவையும் கொடுத்தார்கள். அதன் பிறகு தானே கூட்டிப்போய்த் தடியை ஒளித்து வைத்த இடத்தைக் காட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டான். உடுக்கை அடித்தும், வேப்பிலையால் விளாசியும், மிளகாய்ப் புகை போட்டும் பேயைப் பேசவைக்கிற மந்திரவாதிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கோழிக்குப் பேசுகிறவனிடம் பேய் எங்கேயிருந்தது?

மூன்று டாக்டர்கள் கேட்டது

1969-இல் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடந்தது. இவனுக்கு மனநோய் இல்லை என்றார் போலீஸ் வைத்தியர். மனநோய் மருத்துவர் ஒருவரோ, இது நாள்பட்ட மனச்சிதைவு நோய் என்றும், செய்வது இன்னதென்று தெரிந்தாலும் அது தப்பு என்று அறியும் சக்தி இவனுக்கில்லை என்றும் சாட்சி சொன்னார். கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. அவன் அப்பீல் செய்ய மறுத்துவிட்டான். ஹைகோர்ட்டு தூக்கை உறுதி செய்வதற்கு முன் மூன்று மனநோய் மருத்துவர்கள் கொண்ட ஒரு குழுவைப் போடச் சொல்லிற்று. அவர்கள் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம், அவனோடு உட்கார்ந்து பேசினார்கள். 1987-இல் அவன் தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. 1995-இல் புனா சாசூன் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கோளாறினால் செத்தான்.

அந்த மூன்று டாக்டர்கள் அவன் வாயிலிருந்து கேட்டு எழுதியவைதான் நமக்கு முக்கியம். எவ்வளவு சொன்னாலும் அசையாத நம்பிக்கைகள் சில அவனிடம் இருந்தன. ஒன்று: உலகம் இரண்டு, ஒன்று "கானூன்", அதாவது சட்டத்தின் உலகம், மற்றது இந்தப் பொல்லாத உலகம், தான் கானூனின் பிரதிநிதி. இரண்டு: தான் ஒரு "சக்தி". மூன்று: இந்தத் தேசத்தில் அக்பர் சர்க்கார், பிரிட்டிஷ் சர்க்கார், காங்கிரஸ் சர்க்கார் என்று மூன்று சர்க்கார்கள் இருக்கின்றன; மூன்றும் தன்னைத் துன்புறுத்துகின்றன. நாலு: தன்னைப் பெண்ணாக மாற்றிவிடச் சதி நடக்கிறது, ஆனால் தான் நூற்றுக்கு நூற்றொரு பங்கு ஆண். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேயிருந்தான். கடைசி நாள் பேச்சு முடிந்து டாக்டர்கள் எழுந்து கை நீட்டியபோது அவன் கை கொடுக்க மறுத்துவிட்டான். கானூனின் பிரதிநிதியாகிய தான் இந்தப் பொல்லாத உலகத்தாரைத் தொடக்கூடாது என்றான்.

தோழர்களே! இவற்றைப் படித்துவிட்டு "ஐயோ, பைத்தியம்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் சொல்ல வந்த சங்கதியே இங்கேதான் இருக்கிறது.

மனச்சிதைவு என்பது மூளையைப் பற்றிய நோய். அது வெள்ளைக்காரனுக்கும் வரும், கறுப்பனுக்கும் வரும். பார்ப்பனனுக்கும் வரும், பறையனுக்கும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனால், நோய் மூளையினுடையதே தவிர, அந்த நோயாளி பேசுகிற பேச்சு அவன் பிறந்த ஊரினுடையது. வானொலி வராத காலத்தில் எந்த நோயாளியும், வானொலிப்பெட்டி தன்னைத் திட்டுகிறது என்று சொன்னதில்லை. 1843-இல் மெக்நாட்டன் என்ற ஒருவன் லண்டன் தெருவில், பிரதம மந்திரி பீல் என்பவரின் காரியதரிசியைச் சுட்டுக் கொன்றான். டோரிக் கட்சிக்காரர்கள் தன்னை ஓயாமல் துரத்துகிறார்கள் என்பது அவன் கொண்ட நம்பிக்கை. ஸ்காட்லாந்தில் பிறந்தவனை டோரிக் கட்சி துரத்திற்று. இந்தியாவில் பிறந்தவனைக் காங்கிரஸ் சர்க்கார் துரத்திற்று. வீடு ஒன்றே, குடியிருந்த சரக்குத்தான் வேறு.

அப்படியானால், இராமன் ராகவின் நோய்க்குள் புகுந்து குடியிருந்த சரக்கு எந்தக் கடையில் வாங்கியது? "நான் சக்தி" என்றான் அவன். இந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நமது நாட்டில் "நான் சக்தி" என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் பட்டுக் கட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்கள் காலில் கலெக்டர் விழுகிறார், மந்திரி விழுகிறார். நடைபாதையில் படுக்கிறவன் சொன்னால் நோய். மடத்தில் படுக்கிறவர் சொன்னால் அருள்வாக்கா? அவர்களெல்லாம் கொலை செய்வார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் ஒருவன் சொல்லுவதை ஊரே நம்பித் தொழுகின்ற பழக்கம் இருக்கிற இடத்தில், நோயாளி ஒருவன் இருப்பதை ஊர் எப்படிக் கண்டுபிடிக்கும் என்றுதான் கேட்கின்றோம்.

"என்னைப் பெண்ணாக மாற்றப் பார்க்கிறார்கள்" என்று நடுங்கினான். மூன்று சர்க்காரும் சேர்ந்து தனக்குச் செய்யக்கூடிய பெரிய கேடு என்று அவன் நினைத்தது, தன்னைப் பெண்ணாக ஆக்குவதைத்தான்! பெண்ணாய்ப் பிறப்பதே பாவத்தின் பலன் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிக் கொடுத்து, ஆண் அழுதால் "பொட்டச்சி மாதிரி அழுகிறாயே" என்று திட்டி வளர்த்த நாட்டில், நோயாளியின் பயமும் அந்த உருவத்தில்தானே வரும்? அவனுடைய நூற்றொரு பங்கில் நூறு பங்கு நாம் கொடுத்தது. அவனுடையது அந்த ஒரு பங்குதான்.

"தொடமாட்டேன்" என்றான். இதற்கு வியாக்கியானமே வேண்டாம். தானே உயர்ந்தவன், எதிரே நிற்பவன் தீட்டு, தொட்டால் கெட்டுப்போவோம் என்கின்ற எண்ணம் ஒரு ஆளுக்கு வந்தால் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து நோய் என்று எழுதுகிறார்கள். ஒரு ஊருக்கே வந்தால் அதற்கு ஆசாரம் என்று பெயர். நமது மதுரை மீனாட்சி கோயிலுக்குள் இந்நாட்டு மக்களில் ஒரு பெரும் பகுதியார் 1939 ஜூலை 8-ந் தேதி வரையில் நுழைய முடியாமல் இருந்தார்கள். அதற்கு முன் எத்தனை தலைமுறை இந்தப் பைத்தியம் வைத்தியமில்லாமல் கிடந்தது! 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது என்கிறார்கள். கிராமங்களில் தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் இன்னும் இருக்கிறதைப் பார்த்தால், நோய் முற்றாய்த் தீர்ந்ததாய் நமக்குத் தோன்றவில்லை.

நாலு பேருக்கும் பதில்

இனி நமது டீக்கடைத் தோழர்களுக்கு வரிசையாய்ச் சமாதானம் சொல்லுவோம்.

தலையெழுத்து என்கின்ற தோழரே! செத்தவன் தலையில் இப்படித்தான் சாக வேண்டும் என்று எழுதியிருந்தால், கொன்றவன் கடவுளுடைய கோர்ட்டு அமீனா ஆகிறான். ஜப்தி உத்தரவைக் கொண்டுவந்த அமீனாவுக்குத் தூக்குப் போடச் சொல்லுவது நியாயமா? ஒன்று, எழுத்தை விடும். அல்லது தூக்குக் கயிற்றை விடும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது.

கடவுள் பயம் என்கின்ற தோழரே! ஊதுவத்தித் தாங்கியைப் பற்றி முன்பே சொன்னோம்.

ஜாதி இரத்தம் என்கின்ற தோழரே! கொலைகாரன் எந்த ஜாதி என்று தேடி, அது உம்முடைய ஜாதியாயிருந்துவிட்டால் என்ன செய்வீர்? அப்போது "அவன் ஒருவன்தான் கெட்டவன்" என்பீர். அந்தச் சலுகையை மற்ற ஜாதிக்கும் கொடும்.

பேய் என்கின்ற தோழருக்கு மாத்திரம் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், மற்ற மூவரும் பேசுவதோடு நிற்கிறார்கள். இவர் காரியத்தில் இறங்குகிறார். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மனநோயாளியெல்லாம் கொலைகாரன் என்று நாம் சொல்லுவதாக எவரும் எண்ணக்கூடாது. அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்கள். அடிப்பவர்களைவிட அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம். அதேபோல் கொலைகாரனெல்லாம் மனநோயாளியுமல்ல. சென்னையில் 1987-88-இல் ஆறு கொலை செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, அதே 1995-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சேலம் ஜெயிலில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர் என்பவன் சக்தியுமல்ல, கானூனுமல்ல. கள்ளச்சாராயமும் பெண் வியாபாரமும் அவனுக்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு இடைஞ்சல் வந்தபோது கொலையும் வியாபாரக் கணக்கில் சேர்ந்தது. அவன் ஜெயிலில் எழுதிய சுயசரிதையில் பெரிய உத்தியோகஸ்தர்களின் சம்பந்தம் வருகிறதென்று, அதை வெளியிட விடாமல் அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததும், 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு அப்படி முன்கூட்டியே தடுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை என்று சொன்னதும் உலகறிந்தவை. இவனுக்கு வேண்டியிருந்தது டாக்டரல்ல; முதல் நாளே கையைப் பிடிக்கிற யோக்கியமான போலீஸ். பேய் என்று ஒரே பெயரால் இருவரையும் அழைத்தால், நோயாளிக்கு வைத்தியமும் கிடைக்காது. வியாபாரியின் கூட்டாளிகளும் தப்பித்துக்கொள்ளுவார்கள். பேயினால் ஆதாயம் அடைகிறவர்கள் யாரென்று இதிலிருந்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேயோட்டுதலின் பலன்

நமது வட்டாரத்தில் ஒரு வாலிபன் தானே பேசிக்கொள்ளுகிறான், தூங்குவதில்லை, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள்? முதலில் கோடாங்கி. அவன் ஒரு சேவலும் ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு, உடுக்கை அடித்து, "சுடுகாட்டுப் பேய்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். பிறகு பாண்டி கோயில். பிறகு கலியாணம் செய்து வைத்தால் சரியாய்ப் போகும் என்று ஒரு அப்பாவிப் பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள். அதற்கும் தீரவில்லையென்றால் தர்கா. வீட்டுப் பானை, பாத்திரம், நகை எல்லாம் போன பிறகு, வருஷம் நாலு கழித்து, கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள். தல்லாகுளத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். மனநோய்ப் பகுதியும் அங்கே இருக்கிறது. கால் மணி நேரத்தில் போகவேண்டிய இடத்திற்கு நாலு வருஷம் சுற்றிக்கொண்டு வருவதற்குப் பெயர்தான் பக்தியா?

இந்தச் சுற்று வழியில் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிற நோயாளிகளை வைத்துப் பிழைப்பு நடத்திய தனியார் காப்பகங்களில் ஒன்றில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தது. கொட்டகைக்குள் இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் பகைவர்களல்ல. தாயும் தகப்பனும் அண்ணனும் தம்பியுமே. இந்துவும் அங்கே விட்டான், முஸ்லிமும் விட்டான், கிறிஸ்தவனும் விட்டான். பேய் விஷயத்தில் மட்டும் மூன்று மதத்திற்கும் எவ்வளவு ஒற்றுமை!

28 பேரைக் கொன்றது எந்த ஜாக்? எந்த இராமன் ராகவ்? அவனுடைய மனத்தை ஆராய ஏன் ஒரு புத்தகமும் வரவில்லை? வராது. ஏனெனில் அந்த மனம் நம்முடைய மனம். ஒரு ஆள் தடியெடுத்து அடித்தால் அதற்குப் பெயர் கொலை. ஊரெல்லாம் கூடிச் சங்கிலி போட்டு, அதில் தீ விழுந்தால் அதற்குப் பெயர் விதி!

செய்ய வேண்டியது என்ன?

இந்நோய்க்கு மருந்தில்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது பேயோட்டினார்கள் என்றால், அறியாமை என்று விட்டுவிடலாம். 1952-இல் பிரான்சு தேசத்தில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை இந்நோய்க்குக் கொடுத்து அதன் குணத்தைக் கண்டார்கள். அதன் பின் இன்னும் நல்ல மருந்துகள் பல வந்திருக்கின்றன. சர்க்கரை நோய்க்காரன் மருந்து சாப்பிட்டுக்கொண்டு உத்தியோகம் பார்க்கிறதுபோல், மருந்து சாப்பிட்டுக்கொண்டு குடும்பம் நடத்துகிற மனநோயாளிகள் எத்தனையோ பேர். 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாய்ச் சொல்லுகிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிக் கோடாங்கிக்குத் தெரியாமலிருக்கலாம். பகுத்தறிவு பேசுகிற நமக்குத் தெரியாமலிருக்கக்கூடாது.

குற்றவாளியின் விஷயத்திலும் சட்டம் வகை செய்திருக்கிறது. மெக்நாட்டன் வழக்கிலிருந்து பிறந்த விதிதான் 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாய் இருக்கிறது. புத்தி பேதலித்து, தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறிய முடியாத நிலையில் செய்த காரியம் குற்றமாகாது என்பது அதன் சாரம். இது கொலைகாரனுக்குக் காட்டும் தயவு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தயவல்ல, அறிவு. அப்படிப்பட்டவனைத் தெருவில் விட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை; பூட்டி வைத்து வைத்தியம் செய்யவே சொல்லுகிறார்கள். அந்த வைத்தியத்தைக் கொலைக்கு முன்பே செய்திருந்தால் என்ன என்பதுதான் நமது கேள்வி. இராமன் ராகவ் ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்தபோதும், 1966-இல் பிடித்து விடப்பட்டபோதும், அவன் மனம் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால், அந்த நடைபாதையில் தூங்கிய ஏழைகளில் எத்தனை பேர் மறுநாள் காலையில் எழுந்து கூலிக்குப் போயிருப்பார்கள்!

ஆம், ஏழைகள். லண்டனில் செத்தவர்கள் படுக்கைக் கூலி இல்லாதவர்கள். பம்பாயில் செத்தவர்கள் கதவில்லாதவர்கள். கொலைகாரன் மனத்தில் எவ்வளவு பெரிய குழப்பம் இருந்தாலும், பூட்டிய மாளிகைக்குள் அவன் போகவில்லை. யாரைக் காப்பாற்ற ஆளில்லையோ அவர்களிடமே போனான். எவருக்குக் கதவில்லை என்பதைப் பேய் தீர்மானிக்கவில்லை, விதியும் தீர்மானிக்கவில்லை. நாம் வைத்திருக்கும் சமுதாய ஏற்பாடு தீர்மானித்தது. கொலைகாரனைப் பிடிப்பது போலீசின் வேலை. அவன் மனத்தைப் பார்ப்பது டாக்டரின் வேலை. கதவில்லாதவனுக்குக் கதவும், பெண்ணுக்குச் சமத்துவமும், நோயாளிக்கு ஆஸ்பத்திரியும் கொடுக்க வேண்டியது நம் எல்லோருடைய வேலை. முதலிரண்டு வேலைகளைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசிவிட்டு மூன்றாவதைச் செய்யாதிருக்க, பேயைப்போல் வசதியான சாக்கு வேறு கிடைக்காது.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் ஒருவர் தானே பேசிக்கொள்ளுகிறார் என்று கேள்விப்பட்டால் கோடாங்கி வருவதற்கு முன் நீங்கள் போங்கள். அந்தத் தாயிடம் இதமாய்ப் பேசி, மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவன் தலைக்குள் பேய் இல்லை. பேய் இருப்பது ஊரார் வாயில். அதை ஓட்ட உடுக்கை வேண்டாம், வேப்பிலை வேண்டாம். ஏன், எதனால், எப்படித் தெரியும் என்று கேட்கிற ஒரு வாய் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் போதும்.